நினைவு நூலில் இருக்கிறதா, அட்டையில் இருக்கிறதா?

இட்டேரிக்காரன் (சென்னிமலை), சனி, இரவு 9:12

என் அம்மாயிக்கு வயது 84. மூன்று வருஷமாக மறதி நோய். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு "இன்னும் எனக்குச் சோறு போடலையே" என்பார். என்னைச் சில நாள் என் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சில நாள் "நீ யாரு சாமி?" என்பார். அதே அம்மாயியை ராட்டை முன்னால் உட்கார வைத்துக் கையில் நூலைக் கொடுத்தால் போதும், தார்க்குச்சியில் நூல் சுற்ற ஆரம்பித்துவிடுவார். நடுவில் நூல் அறுந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகச் சேர்ந்து முடிச்சுப் போடும். கண் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும், கை மட்டும் வேலை செய்யும்.

டாக்டரிடம் கேட்டேன். "பழைய நினைவு ஆழமாப் பதிஞ்சிருக்கும்" என்றார். ஆழமாக என்றால் எங்கே? மூளை செல்லுக்குள் என்ன பொருளாக அது உட்கார்ந்திருக்கிறது? இதையே கேட்டு என் மச்சானோடு போனில் இரண்டு மணி நேரம் சண்டை. அவரும் இங்கே தறிச்சத்தம் என்ற பெயரில் எழுதுகிறவர்தான். போன் பில்லை மிச்சம் செய்ய இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

கோபி வாத்தியார், சனி, இரவு 10:05

தம்பி, பதில் உங்கள் பெயரிலேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் வண்டித்தடம், அதுதானே இட்டேரி? வண்டி போகப் போகத் தடம் பதியும். ஒரு மழைக்காலம் யாரும் போகாமல் விட்டால் செடி மூடிவிடும். 1949-ல் டொனால்ட் ஹெப் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஒரு நியூரான், அதாவது மூளையின் நரம்பு செல், திரும்பத் திரும்ப இன்னொன்றைத் தூண்டினால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பு பலப்படும். அந்த இணைப்புக்குத்தான் சினாப்ஸ் என்று பெயர். மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் சினாப்ஸ்.

ஹெப் சொன்னது ஊகம். 1973-ல் டிம் பிளிஸும் டெரியே லோமோவும் முயலின் ஹிப்போகாம்பஸில் (புது நினைவு பதிய உதவுகிற மூளைப் பகுதி) அதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி செய்து காட்டினார்கள். ஒரு நரம்புப் பாதையில் வேகமாகச் சில மின்துடிப்புகளைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அதே பாதையில் சாதாரணத் துடிப்பு கொடுத்தாலும் பதில் முன்னைவிடப் பெரிதாக வந்தது, அதுவும் மணிக்கணக்கில்.

எப்படி நடக்கிறது? பேங்க் லாக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாவி மட்டும் போட்டால் திறக்காது, மேனேஜர் சாவியும் வேண்டும். வாங்குகிற செல்லின் தோலில் என்எம்டிஏ என்ற வாசல் இருக்கிறது. முதல் செல் குளுட்டமேட் என்ற சேதிப் பொருளை அனுப்ப வேண்டும், அது ஒரு சாவி. அதே நேரத்தில் வாங்குகிற செல்லும் ஏற்கெனவே கிளர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் வாசலை அடைத்திருக்கும் மெக்னீசியம் விலகும், அது இரண்டாவது சாவி. இரண்டும் சேர்ந்தால் கால்சியம் உள்ளே பாயும். அது சில நொதிகளைத் தட்டி எழுப்பும். ஆம்பா என்ற இன்னொரு வகை வாசல்கள் கூடுதலாக மேலே வந்து பதியும். அடுத்த முறை அதே அளவு குளுட்டமேட் வந்தாலும் செல் உரக்கப் பதில் சொல்லும்.

இது சில மணி நேர நினைவுக்கு. நாள்கணக்கில், வருஷக்கணக்கில் நிற்க வேண்டுமானால் செல்லின் கருவுக்குச் சேதி போய், மரபணு திறந்து, புதுப் புரதம் உருவாக வேண்டும். எரிக் கேண்டல் கடல் முயல் என்கிற ஓடில்லாத நத்தையில் இதைக் காட்டித்தான் 2000-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் குழுவில் எண்ணிப் பார்த்தபோது, சாதாரண நத்தையின் ஓர் உணர்வு நியூரானில் சுமார் 1,300 இணைப்பு முனைகள், பழக்கிய நத்தையில் சுமார் 2,700. நினைவு என்றால் செல்லின் உருவமே மாறுவது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தறிச்சத்தம் (சோமனூர்), சனி, இரவு 11:40

ஐயா, வணக்கம். நீங்கள் சொன்ன பரிசோதனை எதையும் நான் மறுக்கவில்லை. அதிலிருந்து நீங்கள் எடுக்கிற முடிவைத்தான் மறுக்கிறேன்.

சினாப்ஸில் இருக்கிற புரதம் எதுவும் நிலையாக நிற்பதில்லை. சில நாள், சில வாரம், அப்புறம் சிதைந்து புதிது வருகிறது. எலியின் ஹிப்போகாம்பஸில் சினாப்ஸ் உட்கார்ந்திருக்கிற முள்ளே வாரக்கணக்கில் முளைத்து மறைகிறதாம். அப்படியானால் ஆத்தா கையில் அறுபது வருஷமாக இருக்கிற முடிச்சு எதில் இருக்கிறது? (மாப்ளேக்கு அம்மாவைப் பெற்ற அம்மாயி, எனக்கு அப்பாவைப் பெற்ற ஆத்தா. ஆள் ஒருவர்தான்.)

எங்கள் விசைத்தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடுகிற நூல், தீர்ந்தால் பாவு பிணைக்கிறவர் வந்து பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பார். ஆயிரக்கணக்கான இழை. நூல் முழுக்கப் புதிது, துணி மட்டும் அதே துணி. ஏன்? இழை எந்த விழுதில், எந்தப் பண்ணைப் பல்லில் நுழைய வேண்டும் என்ற கோப்பு மாறவில்லை. ஆத்தா வீட்டுப் போர்வைத் தறியில் இன்னும் தெளிவு. பூ நூலில் இல்லை, எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று துளைகளால் சொல்கிற ஜக்கார்டு அட்டையில் இருக்கிறது. துணியைக் கிழித்துப் பூவைத் தேடினால் கிடைக்காது. நீங்கள் காட்டுகிற சினாப்ஸ் எல்லாம் நூல். அட்டை செல்லுக்குள்ளே இருக்கிறது என்கிறேன்.

ஆதாரம் இரண்டு. ஒன்று, 2018-ல் டேவிட் கிளான்ஸ்மன் குழு. நீங்கள் சொன்ன அதே கடல் முயல். வாலில் ஷாக் கொடுத்துப் பழக்கிய நத்தையிடமிருந்து ஆர்என்ஏ (மரபணுவின் சேதியைச் சுமக்கிற மூலக்கூறு) எடுத்து, ஷாக்கே வாங்காத நத்தைக்கு ஊசி போட்டார்கள். அதுவும் சீண்டினால் 40 விநாடி வரை சுருங்கிக் கிடந்தது. இரண்டு, 2014-ல் ஸ்வீடன் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சிறுமூளையின் பர்கின்ஜி செல். அதற்கு வருகிற நாரைத் தூண்டி, இத்தனை மில்லிவிநாடி கழித்து இன்னொரு தூண்டல் என்று பழக்கினார்கள். செல் அந்த இடைவெளியையே கற்றுக்கொண்டு சரியான நேரத்தில் வாய்மூடி நின்றது. இணைப்பு பலமானது, பலவீனமானது என்று மட்டும் சொல்லி நேரத்தை எப்படி விளக்குவீர்கள்?

கோபி வாத்தியார், ஞாயிறு, காலை 6:20

தூங்குவதே இல்லையா தம்பி?

ஊசி போட்டு நினைவை மாற்றுகிற கதை எங்களுக்குப் புதிதில்லை. 1962-ல் ஜேம்ஸ் மெக்கனல் தட்டைப்புழுவைப் பழக்கி, நறுக்கி, இன்னொரு புழுவுக்குத் தின்னக் கொடுத்து, தின்ற புழு சீக்கிரம் கற்றது என்று எழுதினார். மற்றவர்கள் செய்தபோது நம்பும்படி வரவில்லை. கிளான்ஸ்மன் வேலை அதைவிடக் கவனமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நத்தை கற்றது என்ன? பொதுவாகவே உஷாராக இருப்பது. "நம்ம ஊர்ச் சந்தையில் மூன்றாவது கடை" என்ற நினைவை ஆர்என்ஏ ஊசியில் ஏற்றிக் காட்டட்டும், நான் கோபியிலிருந்து சோமனூருக்கு நடந்தே வருகிறேன்.

உங்கள் அட்டைக்கு முக்கியமான ஒரு சிக்கல் உண்டு. செல்லுக்குக் கரு ஒன்று, சினாப்ஸ் ஆயிரக்கணக்கில். அட்டை கருவில் இருந்தால் எந்த சினாப்ஸைப் பலப்படுத்துவது என்று அதற்கு எப்படித் தெரியும்? 1997-ல் ஃப்ரே, மோரிஸ் இருவரும் பதில் சொன்னார்கள். தூண்டப்பட்ட சினாப்ஸ் தன் மேல் ஒரு அடையாளம் ஒட்டிக்கொள்கிறது. கரு புரதத்தை எல்லாத் திசைக்கும் அனுப்புகிறது, அடையாளம் உள்ளவன் பிடித்துக்கொள்கிறான். கேண்டல் குழுவும் அதே வருஷம், ஒரே நியூரானின் இரண்டு கிளையில் ஒன்று மட்டும் பலப்படுவதைக் காட்டியது. ரேஷன் கடைக்கு லோடு எல்லோருக்கும் பொதுவாகத்தான் வருகிறது, கார்டு வைத்திருப்பவர்தான் வாங்குகிறார்.

புரதம் சாகிறதே என்ற கேள்வி நியாயமானது. கேம்கைனேஸ் என்ற நொதி பன்னிரண்டு துண்டு கூடிய வளையம். எழுந்த ஒன்று பக்கத்திலிருப்பதை எழுப்பும், அதனால் கால்சியம் போன பிறகும் சற்று நேரம் விழித்திருக்கும். நீண்ட காலத்துக்கு டாட் சாக்டர் என்ற ஆய்வாளர் சொன்னது பிகேஎம் ஸீட்டா என்ற இன்னொரு நொதி. 2006-ல் அதைத் தடுத்தால் நினைவு அழிகிறது என்றார்கள். 2013-ல் அந்த மரபணுவே இல்லாத எலியும் நன்றாகக் கற்றது, எல்லோரும் சிரித்தார்கள். 2024-ல் அதைச் சினாப்ஸில் கட்டிவைக்கிற கிப்ரா என்ற புரதத்தைக் கண்டு, அந்தக் கட்டை அவிழ்த்தால் ஒரு மாதப் பழைய நினைவும் போவதைக் காட்டினார்கள். ஒரு புரதம் போய் இன்னொன்று வரும், கட்டு மட்டும் அறாது. அதுதான் தம்பி உங்கள் பாவு பிணைப்பு. அது சினாப்ஸிலேயே நடக்கிறது, கருவில் இல்லை.

ராத்திரி டூட்டி (ஈரோடு), ஞாயிறு, காலை 8:50

நான் நர்ஸ். டூட்டி முடித்து வந்து படித்தேன். இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போடுகிறீர்கள், கேட்டவர் கேள்வியை விட்டுவிட்டீர்கள்.

நினைவு ஒரே சாமான் இல்லை. 1953-ல் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலைசன் என்பவருக்கு இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸை எடுத்துவிட்டார்கள். அப்போது அவருக்கு 27 வயது. வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பிறகு புதிதாக எதையும் மனதில் நிறுத்த முடியவில்லை. அப்படியும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் வேலையில் நாளுக்கு நாள் கை தேறியது. நேற்று வரைந்ததே அவருக்கு ஞாபகமில்லை. பிரெண்டா மில்னர் பார்த்து எழுதினார். கைப்பழக்கம் வேறு இடம்: அடிமூளைக் கணுக்கள், சிறுமூளை. அல்சைமராக இருந்தால் அது முதலில் தின்பது ஹிப்போகாம்பஸ் பக்கத்தைத்தான். அம்மாயி இட்லியை மறந்து முடிச்சை மறக்காததற்கு அதுதான் காரணம். சினாப்ஸா அட்டையா என்பது அடுத்த கேள்வி.

இன்னொன்று, வார்டில் நான் பார்ப்பது. ராத்திரி பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டு வருகிற பையன்களிடம் "எப்படி விழுந்தே?" என்று கேட்டால் தெரியாது. விழுந்தது மட்டுமல்ல, அதற்கு முன் டீக்கடையில் நின்றதும் தெரியாது. சின்ன வயசு, பள்ளிக்கூடம் எல்லாம் கடகடவென்று சொல்வான். பதிந்து இறுகாமல் ஈரமாக இருந்த கடைசிக் கொஞ்சம் மட்டும் கலைந்துபோகிறது. வாத்தியாரய்யா சொன்ன புதுப் புரத வேலை முடிவதற்குள் அடி விழுந்துவிட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

தறிச்சத்தம் (சோமனூர்), ஞாயிறு, காலை 11:15

சிஸ்டர் சொன்னது சரி. ஆனால் கலைந்துபோனது நினைவா, அதை எடுக்கிற வழியா?

2015-ல் தொனேகாவா என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் தாமஸ் ரையன் குழு செய்தது இது. எலியை ஒரு கூண்டில் வைத்து ஷாக். அந்த நேரத்தில் விழித்த செல்களை மட்டும் மரபணு வித்தையால் அடையாளம் போட்டு, ஒளி பட்டால் எழுகிற மாதிரி செய்துவிட்டார்கள். உடனே புரத உற்பத்தியை நிறுத்துகிற மருந்து. மறுநாள் அதே கூண்டில் விட்டால் எலிக்குப் பயமே இல்லை, மறந்துவிட்டது. அந்த செல்களில் சினாப்ஸ் பலமும் கூடவில்லை. அப்புறம் ஒளியால் அந்த செல்களை நேராகத் தூண்டினார்கள். எலி பயந்து உறைந்து நின்றது.

ஐயா, புதுப் புரதமும் இல்லை, பலமான சினாப்ஸும் இல்லை, நினைவு மட்டும் இருக்கிறது. உங்கள் இட்டேரி மூடிப்போன பிறகும் ஊர் அங்கேயே இருக்கிறதே?

கோபி வாத்தியார், ஞாயிறு, மதியம் 12:30

நல்ல அடி. ஆனால் அவர்கள் எடுத்த முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமல்லவா? நினைவு செல்களுக்குள் யாரோடு யார் இணைந்தார்கள் என்ற அமைப்பு கலையவில்லை, மருந்து கெடுத்தது பலத்தை மட்டும்தான் என்றார்கள். பலம் இல்லாததால் சாதாரணத் தூண்டலுக்கு எழவில்லை. ஆக நினைவு இணைப்பில்தான் இருக்கிறது. பலமும் இணைப்பும் ஒன்று என்று நேற்று ராத்திரி நான் குழப்பி எழுதியது தப்பு, அதைத் திருத்திக்கொள்கிறேன். அட்டைக்கு இதில் இடம் இல்லை.

தறிச்சத்தம் (சோமனூர்), ஞாயிறு, மதியம் 12:34

கோப்புதான் முக்கியம், நூலின் முறுக்கு அல்ல என்று நேற்றே சொன்னேனே!

கோபி வாத்தியார், ஞாயிறு, மதியம் 12:41

கோப்பு செல்லுக்குள்ளே என்று சொன்னீர்கள். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் என்கிறேன். பர்கின்ஜி செல்லுக்கு மட்டும் என்னிடம் இப்போதைக்குப் பதில் இல்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

இட்டேரிக்காரன் (சென்னிமலை), ஞாயிறு, மதியம் 2:10

அப்படியானால் அம்மாயிக்கும் உள்ளே எல்லாம் இருக்கிறதா? எடுக்க முடியவில்லை, அவ்வளவுதானா? அதே ஆய்வகம் 2016-ல் அல்சைமர் ஆரம்ப நிலை எலிக்கும் ஒளியால் நினைவைத் திரும்ப எடுத்தது என்று இப்போதுதான் படித்தேன்.

ராத்திரி டூட்டி (ஈரோடு), ஞாயிறு, மதியம் 2:25

தம்பி, மெதுவாக. அந்த எலிகள் மரபணு மாற்றிய எலிகள். மண்டையில் துளைபோட்டு ஒளி நார் செருகியவை. நோயும் ஆரம்ப நிலை. உங்கள் அம்மாயிக்கு மூன்று வருஷம் ஆகிவிட்டது. நோய் முற்றினால் செல்லே செத்துப்போகும், அப்புறம் வழியும் இல்லை, ஊரும் இல்லை. இந்தச் செய்தியை வைத்து யாராவது ஞாபக சக்தி டானிக் விற்க வந்தால் வாங்காதீர்கள். வல்லாரைத் துவையல் வேண்டுமானால் அரையுங்கள், ருசியாவது இருக்கும்.

தறிச்சத்தம் (சோமனூர்), ஞாயிறு, மாலை 5:00

மாப்ளே, எடுப்பதிலும் ஆபத்து உண்டு. 2000-ல் கரீம் நேடர், ஜோசப் லெடூ குழு. ஒலிக்குப் பயப்படப் பழகிய எலி. நினைவு இறுகிப் பல நாள் ஆன பிறகு அந்த ஒலியை ஒரு தடவை கேட்க வைத்து, உடனே அமிக்டலாவில் (பயத்தைக் கையாளுகிற மூளைப் பகுதி) அதே புரதத் தடை மருந்து. பயம் போய்விட்டது. ஞாபகப்படுத்தாமல் மருந்து மட்டும் கொடுத்தால் பயம் அப்படியே இருந்தது. எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நினைவு ஈரமாகி, திரும்ப இறுகுகிறது. ஈரமாக இருக்கும்போது வேறு எதுவும் ஒட்டிக்கொள்ளலாம்.

உதாரணம் நீயே. அப்பாரு (உனக்கு அப்புச்சி) வளர்த்த வண்டி மாடு செவலை, அதாவது செம்மண் நிறம், என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறாய். அது மயிலை, சாம்பல் நிறம். உன்னைவிட நான்கு வயது பெரியவன், அந்த வீட்டிலேயே வளர்ந்தவன் சொல்கிறேன். இருபது தடவை சொல்லிச் சொல்லி நீ நிறத்தை மாற்றிவிட்டாய்.

இட்டேரிக்காரன் (சென்னிமலை), ஞாயிறு, மாலை 5:20

மச்சான், அது செவலை. முழுப் பரீட்சை லீவில் நான் அதன் நெற்றியைத் தடவினேன். இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. அதை விற்ற அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து அழுதேன். அப்புச்சி துண்டால் முகம் துடைத்துவிட்டார்.

கொரங்காட்டான் (காங்கயம்), ஞாயிறு, இரவு 7:45

நான் படிச்சவன் இல்லீங்க, மாடு வெச்சிருக்கிறவன். புரதம் கிரதம் தெரியாது. ஒன்று கேட்கிறேன். செவலை என்கிற தம்பி அதை எந்த வயசில் பார்த்தீங்க? காங்கயம் கன்னு பிறக்கும்போது செவலையாத்தான் இருக்கும். ஆறு மாசத்துக்குள்ள நிறம் மாறி மயிலை ஆகிடும். இதுக்காக இரண்டு பேரும் பல வருஷமாச் சண்டை போட்டீங்களா?

இட்டேரிக்காரன் (சென்னிமலை), ஞாயிறு, இரவு 8:02

கன்றாகத்தான் பார்த்தேன். அடுத்த இரண்டு லீவுக்கு நாங்கள் போகவில்லை.

மச்சான்?

தறிச்சத்தம் (சோமனூர்), ஞாயிறு, இரவு 8:30

சரி, ஒப்புக்கொள்கிறேன். உன் நிறம் சரி. நானும் அந்தக் கன்னைச் செவலையாகப் பார்த்திருக்க வேண்டும், ஒரு துளி ஞாபகமில்லை. தினம் பார்த்த மயிலை அதை மூடிவிட்டது போல.

ஆனால் மாப்ளே, மாட்டை விற்ற அன்றைக்கு நீ ஊரிலேயே இல்லை. லீவுக்குப் போகவில்லை என்று இப்போது நீயே எழுதியிருக்கிறாய். திண்ணையில் உட்கார்ந்து அழுதவன் நான். அப்பாரு துண்டால் துடைத்தது என் முகத்தை. இதை உனக்குச் சொன்னதும் நான்தான், உன் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி.

கோபி வாத்தியார், ஞாயிறு, இரவு 8:41

நேடர் எலிக்கு இப்போது சென்னிமலையில் ஒரு கூட்டாளி!

இட்டேரிக்காரன் (சென்னிமலை), ஞாயிறு, இரவு 10:15

துண்டின் ஈர வாசம்கூட எனக்கு வருகிறது, மச்சான். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் அம்மாயியிடம் மாட்டைப் பற்றிக் கேட்டேன். "எந்த மாடு?" என்றார். அப்புறம் "சாப்பிட்டியா கண்ணு?" என்றார், நான்கு தடவை. நான்காவது தடவை கேட்கும்போது நூல் அறுந்தது. கேள்வியை நிறுத்தாமலே முடிச்சுப் போட்டார். முடிச்சு எங்கே இருக்கிறது என்று அந்த இடத்தை நான் தடவிப் பார்த்தேன், விரலுக்குத் தட்டுப்படவில்லை. ராட்டையின் கயிறுதான் தேய்ந்து வழுக்குகிறது. சக்கரம் சுற்றுகிறது, தார்க்குச்சி சுற்றவில்லை.

தறிச்சத்தம் (சோமனூர்), ஞாயிறு, இரவு 10:22

புதன்கிழமை கரண்ட் கட், தறி ஓடாது. நான் வருகிறேன். பழைய கயிற்றைக் கழற்றி நீளம் அளந்து சொல், இங்கேயே வாங்கிக்கொண்டு வருகிறேன்.